நாயுடு என்றால் எந்த நாயுடு?

முதல் நாள், டர்பன்

வம்பு சென்னையிலேயே ஆரம்பித்துவிட்டது. என் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் என்ற கட்டத்தில் அப்பாவின் பெயர் இருக்கிறது. டிக்கெட்டில் அது முன்னாலும் என் பெயர் பின்னாலுமாக இடம் மாறிக் கிடந்தது. கவுன்டரில் இருந்த பெண் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மேலதிகாரியைக் கூப்பிட்டார். அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். நாற்பது நிமிடம் ஓரமாக நின்றேன். "உங்க ஃபேமிலி நேம் எது சார்?" என்று மூன்று பேருமே கேட்டார்கள். எங்கள் குடும்பத்துக்கென்று ஒரு பெயர் கிடையாது, ஆளுக்கு ஒன்றுதான் என்று அந்த நேரத்தில் சொன்னால் எடுபடுமா?

துபாய் வழியாக டர்பன் வந்து இறங்கினால், வெளியே ஓட்டுநர் ஒருவர் அட்டையில் அப்பா பெயரை எழுதிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். எனக்கு உறைக்கவே இல்லை, தாண்டிப் போய்விட்டேன். கால் மணி நேரம் கழித்து அவரே என்னைத் தேடிப் பிடித்தார்.

ஜூலு மனிதர், நல்ல பேச்சுக்காரர். காரில் ஏறியதும் கேட்ட முதல் கேள்வி, என் இசிபோங்கோ என்ன என்பது. ஜூலு மொழியில் குடும்பப்பெயருக்கு அந்தச் சொல். ஒரே இசிபோங்கோ உள்ள இரண்டு பேர் கல்யாணம் செய்துகொள்ளக் கூடாதாம். நம்மூரில் ஒரே கோத்திரம் என்பார்களே, அந்த மாதிரி. எனக்கு அப்படி எதுவும் இல்லை என்றதும் மனிதர் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தார். அப்புறம் சொன்னார்: "இந்த ஊர் இந்தியர்களுக்கு நாலு பெயர்தான். நைடூ, பிள்ளே, கோவெண்டர், மூட்லி. மற்றவர்களெல்லாம் அதற்குள் அடக்கம்."

அவர் சொன்னது மிகைதான், ஆனால் வழி நெடுகக் கடைப் பலகைகளில் அதைத்தான் பார்த்தேன். நாயுடு, பிள்ளை, முதலி இவர்கள் மூவரையும் அடையாளம் கண்டுபிடித்துவிடலாம். கவுண்டர்தான் கோவெண்டர் ஆகியிருக்கிறார் என்கிறார்கள். பல் டாக்டர் படையாச்சி, டயர் கடை ரெட்டி, வக்கீல் நாயக்கர். எனக்கு உடம்பு கூசியது. 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெயருக்குப் பின்னால் சாதியைப் போட்டுக்கொள்ள வேண்டாம் என்று தீர்மானம் போட்ட ஊரிலிருந்து வந்திருக்கிறேன். என் தாத்தா பெயருக்கு வால் உண்டு. அப்பா கல்லூரியில் சேர்ந்தபோது தன் பெயரில் அதை விட்டுவிட்டார். விடுதி வரவேற்பில் இருந்த பெண்ணின் சட்டையில் 'நாயுடு' என்று பட்டை இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. நீங்க என்ன ஆளுங்க என்று கேட்பது போல் இருந்தது. "எக்ஸ்கியூஸ் மீ" என்றுதான் கூப்பிட்டேன்.

படுக்கும்போது முடிவு செய்தேன். வந்தது வந்தோம், இந்த ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டே ஒரு வாரம் சுற்றுவோம்.

இரண்டாம் நாள், டர்பன்

நகரத்தின் நடுவில் பழைய பைன் தெருவுக்கு இப்போது மான்டி நாயக்கர் சாலை என்று பெயர். எடின்பரோவில் படித்த மருத்துவர், நேட்டால் இந்தியர் காங்கிரஸின் தலைவர். 1947இல் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸின் டாக்டர் சூமா, டிரான்ஸ்வால் இந்தியர் காங்கிரஸின் டாக்டர் தாதூ இருவரோடும் சேர்ந்து கறுப்பர்களும் இந்தியர்களும் ஒன்றாகப் போராடுவது என்று கையெழுத்திட்டவர். 'மூன்று டாக்டர்கள் ஒப்பந்தம்' என்று இங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் அவர் நாயக்கர். என் கணக்கில் வரமாட்டார்.

என் கணக்கில் வரவேண்டியவர் பெயரிலும் ஒரு தெரு இருக்கிறது, டாக்டர் குணம் தெரு. 1906இல் டர்பனில் பிறந்து, இவரும் எடின்பரோ போய் மருத்துவம் படித்து, 1930களில் திரும்பி வந்து வைத்தியம் பார்த்த பெண். 1946 சத்தியாக்கிரகத்தில் சிறைக்கும் போனார். முழுப்பெயர் கேசவேலு குணரத்தினம் நாயுடு. ஆனால் அந்தக் கடைசிச் சொல்லை அவர் சுமந்து திரியவில்லை. ஊருக்கு அவர் டாக்டர் குணம்தான், தெருப் பலகையிலும் அப்படியேதான். இவ்வளவு தூரம் வந்து நாயுடுக்களைத் தேடினால், கண்ணில் பட்ட முதல் நாயுடுவே நாயுடு வேண்டாம் என்று விட்டவர்!

மதியம் 1860 பாரம்பரிய மையம். 1860 நவம்பர் 16இல் சென்னையிலிருந்து வந்த 'ட்ரூரோ' கப்பலில்தான் முதல் ஒப்பந்தக் கூலிகள் இங்கே இறங்கினார்கள். 1911 வரை 1,52,184 பேர். மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல் சென்னைத் துறைமுகத்தில் ஏறிய நம் ஆட்கள்.

கப்பல் பட்டியல்களை நான் உட்கார்ந்து பார்த்த விதத்தில் அங்கே இருந்தவர்கள் நான் ஏதோ ஆராய்ச்சி மாணவன் என்று நினைத்திருப்பார்கள். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு எண். அப்புறம் பெயர், தகப்பன் பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, மாவட்டம், ஊர். குடும்பப்பெயர் என்று ஒரு கட்டமே இல்லை! என் பாஸ்போர்ட்டைவிட அந்தத் தாள் நம் வழக்கத்துக்கு நெருக்கமாக இருந்தது. ஒற்றைப் பெயரும் அப்பன் பெயரும் ஊரும்தான். பின்னால் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கவும் கல்யாணத்தைப் பதியவும் போனபோதுதான் ஆங்கில முறைப்படி ஒரு கடைசிப் பெயர் தேவைப்பட்டிருக்கிறது. சிலர் அப்பன் பெயரையே கொடுத்துவிட்டார்கள். முனுசாமிகளும் பெருமாள்களும் வீராசாமிகளும் குடும்பப்பெயரானது அப்படி. சிலர் சாதிப் பட்டத்தைக் கொடுத்தார்கள். எழுதிக்கொண்ட குமாஸ்தா தன் காதில் விழுந்தபடி எழுத்துக் கூட்டினார். நாயுடுவுக்கு இரண்டு ஓ வந்தது அவர் கைங்கரியம்.

மூன்றாம் நாள், சாட்ஸ்வொர்த்

நண்பரின் அக்கா மூலமாக ஒரு வீட்டில் மதியச் சாப்பாடு. சாட்ஸ்வொர்த் என்பது 1960களில் அன்றைய வெள்ளையர் அரசு இந்தியர்களுக்கென்று தனியாக வெட்டி ஒதுக்கிய பகுதி. நகரத்துக்குப் பக்கத்தில் கேட்டோ மேனரில் தோட்டமும் கோயிலுமாக இருந்தவர்களைக் கிளப்பி, மேட்டிலும் பள்ளத்திலும் வரிசை வீடுகளாகக் கட்டி உள்ளே தள்ளினார்கள். யூனிட் 2, யூனிட் 3 என்று எண்கள்தான் பெயர். இன்றும் பெரியவர்கள் எண்ணைத்தான் சொல்கிறார்கள்.

வீட்டுக்காரம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. பேரப் பிள்ளைகள் 'அவ்வா' என்று கூப்பிடவே தெலுங்கு வீடு என்று நினைத்துக்கொண்டேன். பாதிதான் சரி. பாட்டி பிறந்தது தமிழ் பேசும் படையாச்சி வீட்டில், வாழ்க்கைப்பட்டது தெலுங்கு நாயுடு வீட்டில். "நான் இவங்களுக்கு அவ்வா. எங்கம்மா வீட்டுப் புள்ளைங்களுக்கு ஆயா. ரெண்டும் நான்தான் தம்பி" என்றார். அவருடைய தமிழ் என் பாட்டியின் பாட்டி பேசியது போல இருக்கிறது, நடு நடுவே ஆங்கிலம்.

"புட்டு சாப்பிடுவியா?" என்றார். தேங்காய்ப்பூவும் வாழைப்பழமும் கண்ணில் வந்து போயின. வந்தது மக்காச்சோள மாவை உதிரி உதிரியாகக் கிளறிய ஒன்று, மேலே பீன்ஸ் குழம்பு. ஜூலுக்களின் உணவு, பெயரும் அவர்களுடையது, காதில் விழும்போது மட்டும் நம் புட்டு. இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

பேச்சு இங்கே வளர்ந்த குமி நாயுடு பக்கம் போனது. 1980இல் பள்ளிக்கூடங்களில் புறக்கணிப்புப் போராட்டம் நடந்தபோது பதினைந்து வயதுப் பையன். பள்ளியை விட்டு வெளியேற்றிவிட்டார்கள். அந்தப் பையன்தான் பிற்பாடு ரோட்ஸ் உதவித்தொகையில் ஆக்ஸ்ஃபோர்டு போய், 2009இலிருந்து 2015 வரை கிரீன்பீஸ் சுற்றுச்சூழல் அமைப்பின் தலைமைப் பொறுப்பிலும், 2018இல் ஆம்னெஸ்டி மனித உரிமை அமைப்பின் பொதுச் செயலாளராகவும் இருந்தவர். கிரீன்லாந்துக் கடலில் எண்ணெய்க் கிணற்று மேடையில் ஏறிக் கைதானதும் அவர்தான். டர்பன்காரர் இன்னொருவர், ஜெய் நாயுடு. 1985இல் கொசாட்டு தொழிற்சங்கக் கூட்டமைப்பு தொடங்கியபோது அதன் முதல் பொதுச் செயலாளர், 1994இல் மண்டேலா அமைச்சரவையில் அமைச்சர். இரண்டு பேரும் சொந்தமா என்று கேட்டேன். பாட்டி சிரித்துவிட்டார். "டெலிஃபோன் புக்குல பக்கம் பக்கமா நாயுடு. எல்லாம் சொந்தம்னா கல்யாணத்துக்கு யாரைக் கூப்புடறது, யாரை விடறது?"

சாப்பிட்டு முடித்ததும் பாட்டி அலமாரியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து வந்தார். உள்ளே கப்பல் பட்டியலின் நகல், ஒரே ஒரு வரி. கணவரின் பூட்டனார். எண், ஒற்றைப் பெயர், தகப்பன் பெயர், வயது 22, விசாகப்பட்டினம் பக்கத்தில் ஒரு ஊர். சாதி என்ற கட்டத்தின் மேல் பாட்டியின் கட்டைவிரல் இருந்தது. மஞ்சள் ஏறிய நகம், ஓரத்தில் வெடிப்பு. நான் தாளை என் பக்கம் திருப்பினேன். விரலும் தாளோடு திரும்பியது.

"நாயுடுன்னு இல்லையா பாட்டி?"

"கப்பல்ல ஏறும்போது ஒரு பேரு, எறங்கும்போது ஒரு பேரு. பேரு மாத்தினா மட்டும் என்ன, கரும்பு வெட்டாம விட்டாங்களா?" கொஞ்ச நேரம் கழித்து: "எங்க வீட்டுக்காரர் இருந்த வரைக்கும் இதை வெளியவே எடுக்க விடமாட்டாரு. நான் பேத்திகிட்டே காட்டிட்டேன். அது, 'சோ வாட், அவ்வா'ன்னு போயிடுச்சு."

பேத்திக்கு அந்தக் கட்டத்தில் இருந்த சொல்லுக்கு அர்த்தம்கூடத் தெரியாது. நாயுடு என்ற சொல்லுக்கும் தெரியாது. அவளுக்கு அது ஸ்மித் மாதிரி ஒரு கடைசிப் பெயர். முதல் நாள் எழுதிய என் கூச்சத்தை நினைத்துப் பார்த்தேன். இந்தப் பட்டத்தைக் கண்டு நான் கூசியதற்குக் காரணம், அதை நான் இன்னும் பட்டமாகவே வாசித்ததுதான். அதற்காக இங்கே சாதி காணாமல் போய்விட்டது என்று சொல்லிவிட முடியாது. பாட்டி அந்தக் காலத்தில் பெண் பார்த்த கதைகளைச் சொன்னார், எல்லாம் நமக்குத் தெரிந்த கதைகள்தான். அந்தக் கட்டைவிரலும் சும்மா அங்கே போய் உட்காரவில்லை. என்ன எழுதியிருந்தது என்று நான் பார்க்கவில்லை.

நான்காம் நாள், டர்பன்

விடாத மழை. உம்பிலோ அம்பலவாணர் ஆலயத்துக்கு மட்டும் போனேன். 1875இல் ஆற்றங்கரையில் எழுப்பிய பழைய கோயிலை வெள்ளம் கொண்டுபோனதால் 1947இல் வேறு இடத்தில் கட்டியது. ஈஸ்டர் சமயத்தில் தீமிதி. அரைகுறையாகத் தமிழ் எழுத்துக் கூட்டும் இளைஞர் ஒருவர் தேவாரத்தை ஆங்கில எழுத்தில் வைத்துப் பாடினார். சுருதி சுத்தம். இரவு விடுதியில் பன்னி சௌ. ரொட்டியைக் குடைந்து உள்ளே ஆட்டுக்கறிக் குழம்பு. சட்டை போச்சு.

ஐந்தாம் நாள், பேருந்தில்

டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் ஏறக்குறைய 570 கிலோமீட்டர். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் காந்தியை இறக்கிவிட்ட ரயில் நிலையத்தைப் பார்க்க ஆசை. பேருந்து அந்தப் பக்கமே போகவில்லை. அப்புறம் மலையேற்றம். வழியில் எஸ்ட்கோர்ட் என்ற பலகை வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

ஃபிலிஸ் நாயுடு 1928இல் பிறந்த ஊர் அது. வக்கீல், கம்யூனிஸ்ட், வீட்டுக்காவலில் ஐந்து ஆண்டுகள். எல்லை தாண்டி லெசோத்தோ போன பிறகும் வெள்ளையர் அரசு விடவில்லை. 1979இல் பார்சலில் வந்த குண்டு வெடித்துக் காயம். மகன்களில் ஒருவரை 1989இல் ஜாம்பியாவின் தலைநகர் லுசாக்காவில் சுட்டுக் கொன்றார்கள். இவர் பிறப்பால் நாயுடு இல்லை. கிறிஸ்தவக் குடும்பம், அப்பா வழிப் பெயர் டேவிட். ராபன் தீவில் சிறையிருந்த எம்.டி. நாயுடுவைக் கட்டிக்கொண்டு நாயுடு ஆனவர்.

அப்போதுதான் யோசித்தேன், இந்தப் பெயரைப் பிரபலமாக்கிய பெண்களில் எத்தனை பேர் வாழ்க்கைப்பட்டு வந்தவர்கள்! 1924இல் இங்கே வந்து தென்னாப்பிரிக்க இந்தியர் காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய சரோஜினி நாயுடு பிறந்தது சட்டோபாத்யாய வங்காளி வீட்டில். பெவர்லி நாயுடு வெள்ளைக்காரப் பெண். இங்கே பிறந்து, இங்கிலாந்து போய், நாடு விட்டு வந்த இந்தியர் ஒருவரைக் கட்டிக்கொண்டார். வெள்ளையர் இந்தியரைக் கட்டுவது அந்த நாளில் தென்னாப்பிரிக்காவில் சட்டப்படி குற்றம். 1985இல் எழுதிய குழந்தைகள் நாவலுக்கு 1991 வரை இங்கே தடை. பிறகு கார்னெகி பதக்கமும் வாங்கினார். நூலகத்தில் அட்டையைப் பார்த்து ஏதோ நம்மூர்ப் பெண் என்று நினைத்தவன் நான். சாட்ஸ்வொர்த் பாட்டியும் அப்படி வந்த நாயுடுதானே. மறுபக்கம், பிறந்த வீட்டுப் பெயரைக் கழற்றி வைத்த டாக்டர் குணம். இவர்களை எல்லாம் ஒரு சாதிச் சங்கக்காரர் மாலை போட்டு மேடை ஏற்றினால் எப்படி இருக்கும் என்று நினைத்துத் தனியாகச் சிரித்தேன். பக்கத்து இருக்கைக்காரர் ஜன்னல் பக்கம் நகர்ந்துகொண்டார்.

ஜெர்மனியில் மன்ஹைம் நகரத்தில் பிறந்த பாடகர் சேவியர் நாயுடுவையும் இந்த வரிசையில் சேர்க்கலாம், பெற்றோர் இந்த நாட்டிலிருந்து போனவர்கள். ஆனால் அவர் உதிர்த்த அரசியல் கருத்துகளுக்குப் பிறகு எனக்குச் சேர்க்க மனமில்லை.

ஆறாம் நாள், ஜோகன்னஸ்பர்க்

இந்த ஊர் நாயுடுக்களுக்கு மூலவர் தம்பி நாயுடு. 1875இல் மொரீஷியஸில் பிறந்த தமிழர், 1889இல் தென்னாப்பிரிக்கா வந்தவர். காந்தியே விவரமாக எழுதியிருக்கிறார். பள்ளிப் படிப்பு இல்லை, ஆனால் ஆங்கிலம் நன்றாக வரும், தெலுங்கும் இந்துஸ்தானியும் பேசுவார், மொரீஷியஸ் கிரியோலும் தெரியும். முன்கோபம் மட்டும் இல்லாதிருந்தால் டிரான்ஸ்வாலில் தலைமைக்கே வந்திருப்பார் என்பது காந்தியின் கணிப்பு. நமக்கெல்லாம் தெரிந்த ஒரு மாமா மாதிரி இருக்கிறார், இல்லையா? 1908 பிப்ரவரி 10இல் காந்தியைத் தெருவில் அடித்துப் போட்டபோது கூட இருந்து அடி வாங்கியவர். 1914இல் காந்தி இந்தியா கிளம்பியபோது நான்கு மகன்களை அவரிடம் ஒப்படைத்தார்.

அந்த மகன்களில் ஒருவர் நாராயணசாமி, ராய் என்பார்கள். சாந்திநிகேதனில் கொஞ்ச காலம் இருந்துவிட்டுத் திரும்பி வந்து இங்கே தொழிற்சங்கம் கட்டினார். அவருடைய மகன் இந்திரஸ் 1963இல் பிடிபட்டு ராபன் தீவில் பத்து ஆண்டுகள். மகள் சாந்தி, 1969 வழக்கில் வின்னி மண்டேலாவுக்கு எதிராகச் சாட்சி சொல்ல மறுத்ததற்காக ஓர் ஆண்டுக்கு மேல் உள்ளே. தாத்தா, அப்பா, பேரப் பிள்ளைகள் என்று மூன்று தலைமுறையும் சிறைக்குப் போன வீடு. அவர்கள் குடியிருந்த டோர்ன்ஃபொன்டைன் பக்கம் ராக்கி தெருவில் ஒரு நடை நடந்தேன். பழைய இரும்புக் கடைகள், வண்டி பழுது பார்க்கும் பட்டறைகள். யாரையும் விசாரிக்கவில்லை.

அங்கிருந்து பிராம்ஃபொன்டைன் கல்லறைத் தோட்டம். காந்தியின் சத்தியாக்கிரகத்தில் கைதாகி, சிறையிலிருந்து வந்த கையோடு 1909இல் இறந்த சாமி நாகப்பன் படையாச்சியும், 1914 பிப்ரவரி 22இல், பதினாறாவது பிறந்தநாளன்று இறந்த வள்ளியம்மையும் இங்கேதான். வள்ளியம்மையின் அப்பா முனுசாமி முதலியார், இந்த ஊர் வியாபாரி. இங்கத்திய ஏடுகளில் அப்பா பெயரும் முதலியாரும் சேர்ந்தே வருகிறது. நமக்கு அவர் தில்லையாடி வள்ளியம்மை. பிறந்ததும் இறந்ததும் ஜோகன்னஸ்பர்க்கில். பெயரில் இருப்பது தரங்கம்பாடிக்குப் பக்கத்தில் பெற்றோர் விட்டுவந்த ஊர். சென்னையில் அந்தப் பெயரைச் சொன்னால் அப்பா யார், என்ன பட்டம் என்று ஒருவருக்கும் தெரியாது.

கொண்டுபோன பூவை வைத்துவிட்டு நின்றேன். இலையுதிர்ந்த மரங்கள், ஜூலைக் குளிர்.

ஏழாம் நாள், விமான நிலையம்

இந்த முறை டிக்கெட்டை முன்னாடியே போனில் சொல்லித் திருத்திவிட்டேன். பயத்தில் மூன்று மணி நேரம் முன்னாலேயே வந்து, உள்ளே போய் ஒரு மூலையில் அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் பேசிக்கொண்டிருந்தேன். பாட்டியின் கட்டைவிரல் கதையைச் சொன்னேன். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்தம்மா கெட்டிக்காரி" என்றார். தன் பெயரில் வாலை வெட்டியதற்குத் தாத்தா இரண்டு மாதம் பேசவில்லை என்று, நான் இதுவரை கேள்விப்படாத ஒரு கதையை ஆரம்பித்தார்.

அதில் நேரம் போனதே தெரியவில்லை. ஒலிபெருக்கியில் யாரையோ மூன்றாவது தடவையாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். போனில் அப்பா கதையை நிறுத்திவிட்டுக் கேட்டார்:

"டேய், ஜோகன்னஸ்பர்க்கில் என்னை எதுக்குடா கூப்பிடறாங்க?"